பெட்டியைத் திறந்தவர்கள்: கணிப்பொறி வரலாற்றில் விளையாட்டின் இடம்

1

என் சித்தப்பா 1990களின் பிற்பாதியில் கிண்டி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடி அறையில் டி.டி.பி. சென்டர் நடத்தினார். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ், பொதுக்கூட்டத் துண்டறிக்கை, எம்.ஃபில். ஆய்வேடு, நினைத்தபோது வந்து நினைத்தபோது நின்றுபோகும் ஒரு சிற்றிதழ் - எல்லாம் ஒரே கணிப்பொறியிலிருந்துதான் வெளியே வந்தன. அவர் இறந்த பிறகு வீட்டைக் காலி செய்கையில் பழைய வரவு செலவு நோட்டு ஒன்று கிடைத்தது. அதில் 1998ஆம் வருஷத்துப் பக்கம் ஒன்றில் இப்படி ஒரு வரி: 'மெமரி 16 எம்.பி. - டைப்செட்டிங் வேலைக்கு.'

இது பொய். எனக்குத் தெரியும். அப்போது எனக்குப் பதினோரு வயசு. லீவு நாட்களில் அந்த அறையில்தான் கிடப்பேன். ராத்திரி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு சித்தப்பாவும் அவர் கூட்டாளிகளும் 'குவேக்' ஆடுவார்கள். வாசலைத் தாண்டி அடுத்த கூடத்துக்குள் நுழைகிற சமயம் பார்த்துப் படம் உறைந்துபோகும். ஹார்ட் டிஸ்க் கரகரவென்று ஓடும். மறுபடி படம் அசைகிறபோது ஆள் செத்துக் கிடப்பார். அந்தக் கோபத்தில் வாங்கியதுதான் அந்த 16 எம்.பி.

ஒரு குடும்பக் கணக்கு நோட்டின் பொய்யை இங்கே எதற்காகக் கிளற வேண்டும்? தமிழ்நாட்டில் கணிப்பொறியின் வரலாறு என்று இன்று சொல்லப்படுவது இந்த மாதிரிக் கணக்கு நோட்டுகளை நம்பி எழுதப்பட்டது என்பதால்தான். அரசு கொள்கை வகுத்தது, கம்பெனிகள் வந்தன, 2000இல் தரமணியில் டைடல் பார்க் திறக்கப்பட்டது - இது ஆளுகிறவர்களின் கதை. ஆட்டோமேஷனை எதிர்த்துத் தொழிற்சங்கங்கள் போராடின, பிறகு உலகமயமாக்கல் வந்து எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போனது - இது நம் பக்கத்துக் கதை. இரண்டு கதையிலும் கணிப்பொறி என்பது வேலைக்கான எந்திரம். ஒன்று அதை வரவேற்கிறது, மற்றது அஞ்சுகிறது. விளையாட்டுக்கு இரண்டிலுமே இடமில்லை. அட, விளையாட்டுக்கெல்லாம் என்ன சார் வரலாறு என்று நம் தோழர்களே கேட்பார்கள்.

வயசான ஒரு கணிப்பொறியில் விளையாட்டு தடங்காமல் ஓடவேண்டும் என்பதற்காக அதைப் பிரித்து, மாற்றி, கூட்டிப் பூட்டுகிற அந்தச் சின்னச் செயலுக்குள் அறிவு, உடைமை, உழைப்பு மூன்றும் சிக்கிக் கிடக்கின்றன என்பதே இக்கட்டுரை சொல்ல வருவது.

2

முதலில் மூடிய பெட்டியின் கதை.

1960களில் இந்தியாவுக்கு வந்த பெரிய கணிப்பொறிகளில் பரவலானது ஐ.பி.எம். 1401. அமெரிக்காவில் 1959இல் அறிவிக்கப்பட்ட மாடல். அதன் நினைவகம் அதிகபட்சம் 16,000 எழுத்துகள்தான். நீங்கள் படிக்கும் இந்தக் கட்டுரையே அதில் நெருக்கியடித்துத்தான் உட்காரும். வெளிநாடுகளில் ஓடி முடித்த 1401களை பம்பாய்க்குக் கொண்டுவந்து, பிரித்துச் சீர்செய்து, இங்குள்ள நிறுவனங்களுக்கு வாடகைக்கு விட்டது ஐ.பி.எம். இந்தியாவில் பழைய கணிப்பொறியைப் புதுப்பிக்கும் தொழில் இப்படித்தான் ஆரம்பிக்கிறது. ஆனால் புதுப்பித்தவர் யார்? எந்திரத்தின் சொந்தக்காரர். பயன்படுத்துகிறவர் வாடகை கட்டுவார். மூடியைத் திறப்பது கம்பெனிப் பொறியாளரின் வேலை. தேய்ந்த எந்திரத்தைக் கொண்டுவந்து இங்கே சம்பாதிக்கிறார்கள் என்று நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழு 1970களில் கண்டித்தது. 1973ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணிச் சட்டப்படி பங்குகளைக் குறைத்துக்கொள்ள மறுத்து, 1978இல் ஐ.பி.எம். நாட்டைவிட்டு வெளியேறியது. அது விட்டுப்போன எந்திரங்களைப் பராமரிக்கும் பொறுப்பு சி.எம்.சி. என்ற அரசு நிறுவனத்துக்கு வந்தது.

அதே காலத்தில்தான், 1960களில், ஆயுள் காப்பீட்டுக் கழகத்தில் கணிப்பொறி நுழைவதை எதிர்த்து கல்கத்தா ஊழியர்கள் போராடினார்கள். அந்தப் போராட்டத்தைப் பிற்போக்கு என்று இன்று நக்கலடிப்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: அந்த ஊழியர்களுக்குக் காட்டப்பட்டது பூட்டிய பெட்டி. உள்ளே கையை விட முடியாத, தன்னை வெளியே தள்ளும் ஒரு பெட்டியை எந்தத் தொழிலாளி வரவேற்பான்?

கிண்டிக்கு வருவோம். 1794இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கி 1920இல் கிண்டிக்கு இடம் பெயர்ந்த பொறியியல் கல்லூரி இங்கே இருக்கிறது. கிண்டிக் காட்டின் ஒரு பகுதியை வாங்கிக்கொண்டு 1959இல் மேற்கு ஜெர்மனியின் உதவியோடு வந்த ஐ.ஐ.டி. பக்கத்திலேயே. அந்த ஐ.ஐ.டி.யில் 1973இல் ஐ.பி.எம். 370 நிறுவப்பட்டது. மாணவர்கள் துளையிட்ட அட்டைக் கட்டை உள்ளே கொடுத்துவிட்டு, அச்சிட்ட தாளுக்குக் காத்திருக்க வேண்டும். எந்திரம் குளிரூட்டிய அறையில், கண்ணாடிக்குப் பின்னால். மதில் சுவர்களுக்குள் அறிவு இருந்தது. தொடுவதற்கு முறை இருந்தது. இந்த நாட்டில் கருவறைக்கு வெளியே நின்று பழகியவர்களுக்கு இது புதிசில்லை.

3

பெட்டி திறந்தது வேறு இடத்தில்.

1981இல் ஐ.பி.எம். தன் சின்னக் கணிப்பொறியைக் கடைகளில் கிடைக்கும் உறுப்புகளை வைத்தே அவசரமாகக் கட்டியது. உள்ளமைப்பை விளக்கும் கையேட்டையும் வெளியிட்டது. மிச்சமிருந்த ஒரே பூட்டு, எந்திரம் உயிர்பெறும்போது முதலில் ஓடும் சிறு நிரல். அதைக் காப்பியடிக்காமல் புதிதாக எழுதி காம்பாக் நிறுவனம் போலவே ஓடும் எந்திரத்தைக் கொண்டுவந்தது. பிறகு தைவானில் யார் வேண்டுமானாலும் மதர்போர்டு செய்யலாம் என்றாயிற்று. இந்தியாவில் 1984 நவம்பரில் வந்த புதிய கணிப்பொறிக் கொள்கை இறக்குமதிக் கதவைக் கொஞ்சம் திறந்தது. 1997இல் இந்தியா கையெழுத்திட்ட உலக வர்த்தக அமைப்பின் தகவல் தொழில்நுட்ப உடன்பாடு, உறுப்புகளின் சுங்கவரியைப் படிப்படியாக 2005க்குள் பூஜ்யத்துக்கு இறக்கியது. உலகமயமாக்கல் நமக்குச் செய்த கேடுகளைப் பட்டியலிடுகிற நான், என் சித்தப்பாவின் 16 எம்.பி. அந்த வழியில்தான் வந்தது என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

கிண்டியில் பஸ் ஏறி மவுண்ட் ரோடு வழியே நேராகப் போய் எல்.ஐ.சி.யைத் தாண்டி இறங்கினால் ரிச்சி தெரு. ரிச்சி தெரு என்று பேர்தான் ஒன்று. நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு, வாலர்ஸ் சாலை எல்லாம் சேர்ந்ததுதான் அந்தச் சந்தை. ரேடியோ, டேப் ரிக்கார்டர் உதிரிபாகங்கள் விற்ற அதே தெருக்கள் 1990களில் கணிப்பொறிக்கு மாறின. சால்டரிங் இரும்பு பிடித்த கை மதர்போர்டைப் பிடித்தது. கிண்டி தொழிற்பேட்டை 1958இல், காமராஜர் ஆட்சியில் ஆர். வெங்கட்ராமன் தொழில் அமைச்சராக இருந்தபோது தொடங்கப்பட்டது. அங்கே லேத் பட்டறையில் வேலை பார்த்தவர் என் அப்பா. உளி தேய்ந்தால் சாணை பிடி, பேரிங் சத்தம் போட்டால் மாற்று, எந்திரத்தை ஏன் மாற்றுகிறாய் என்பது அவர் கட்சி. சித்தப்பா முதன்முதல் சி.பி.யூ.வைத் திறந்தபோது கூட நின்று டார்ச் அடித்தவர் அவர்தான். 'இவ்வளவுதானா, எல்லாம் சொருகுறதுதானே' என்றார்.

எல்லாம் சொருகுகிறதுதான். டிஸ்ப்ளே வரவில்லையா, ராமைக் கழற்றி அதன் பொன்னிறக் கால்களை ஸ்கூல் பிள்ளைகளின் ரப்பரால் தேய்த்து மறுபடி சொருகு. தமிழ்நாட்டில் கணிப்பொறியோடு புழங்கிய யாருக்கும் இந்த வைத்தியம் தெரியும். எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லாமல், கை விட்டுக் கை மாறி வந்த அறிவு இது.

பிற்பாடு 'மென்பொருள்', 'வன்பொருள்' என்று இரண்டாகப் பிரித்தார்கள். மென்பொருள் மூளை வேலை, சுத்தம், விமானப் பயணம். வன்பொருள் கை வேலை, தூசி, டூவீலர். இது வெறும் தொழில்நுட்பப் பாகுபாடு என்று நான் நம்பவில்லை. கையால் தொடுகிறவனைக் கீழேயும் தொடாமல் ஓதுகிறவனை மேலேயும் வைத்த ஒரு சமூகம், கணிப்பொறியைப் பார்த்ததும் தன் பழைய கோட்டை அதன் மேலும் கிழித்தது. ரிச்சி தெருவுக்கு நினைவுத்தூண் கிடையாது.

4

சரி, பெட்டியைத் திறக்க வைத்தது எது? கடிதம் அடிக்கவும் கணக்குப் போடவும் வாங்கிய எந்திரத்தை யாரும் திறக்கவில்லை. மெதுவாக ஓடினால் காத்திருந்தார்கள். விளையாட்டுதான் காத்திருக்க மறுத்தது.

இதில் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. திரையில் அசைவு வழுக்கிக்கொண்டு போவதாகத் தெரிய நொடிக்கு 60 படம் வேண்டும் என்றால், ஒரு படத்தை வரைய எந்திரத்துக்குக் கிடைப்பது 16.7 மில்லிநொடி. அதற்குள் மூளைச் சில்லு, நினைவகம், படம் வரையும் அட்டை எல்லாம் தத்தம் பங்கை முடித்தாக வேண்டும். எது பிந்துகிறதோ அதன் வேகம்தான் மொத்த எந்திரத்தின் வேகம். ஆகவே எந்திரத்தை மேம்படுத்துவதென்றால் எங்கே முட்டுகிறது என்று கண்டுபிடிப்பதுதான். எங்கள் பெட்டியில் நினைவகம் போதாமல் ஹார்ட் டிஸ்க்கை நினைவகமாகப் பாவித்துக்கொண்டிருந்தது விண்டோஸ் 95. அந்தக் கரகர சத்தம்தான் நோயின் அறிகுறி. சித்தப்பா அதைக் காதால் கண்டுபிடித்தார்.

வேகம் ஒன்றே குறியென்றும் சொல்லிவிட முடியாது. அன்றைய 386, 486 பெட்டிகள் பலவற்றில் 'டர்போ' என்று ஒரு பொத்தான் இருக்கும். பேருக்கு மாறாக அதன் உபயோகம் எந்திரத்தை மெதுவாக்குவது. 4.77 மெகாஹெர்ட்ஸ் சில்லின் துடிப்பை வைத்தே நேரம் கணித்த பழைய விளையாட்டுகள் புதிய சில்லில் தலைதெறிக்க ஓடின. மனுஷக் கைக்கு எட்டவில்லை. அதனால் வேகத்தைக் குறைக்க ஒரு பொத்தான். எந்திரத்தை மனுஷக் கையின் தாளத்துக்குக் கொண்டுவரும் இந்தப் பொத்தானைக் கேட்டது விளையாட்டு. எந்த முதலாளியும் தன் பட்டறையில் இப்படியொரு பொத்தான் வைத்ததில்லை.

1996இல் 'குவேக்' வந்தது. அதே வருஷம் முப்பரிமாணப் படம் வரைவதற்கென்றே 3டிஎஃப்எக்ஸ் நிறுவனத்தின் 'வூடூ' சில்லு வந்தது. 1998இல் இன்டெல் மலிவு விலைக்கு விட்ட செலரான் 300ஏ சில்லைப் பையன்கள் மதர்போர்டில் துடிப்பை 66லிருந்து 100க்கு ஏற்றி 450 மெகாஹெர்ட்ஸில் ஓட்டினார்கள். 'ஏழைக்கு இது போதும்' என்று கம்பெனி கிழித்த கோட்டை உலகம் முழுக்கப் பையன்கள் தாண்டியது விளையாட்டுக்காக.

கிண்டியில் விளையாட்டு என்றால் ஊர் முழுக்கக் குதிரைப் பந்தயத்தைத்தான் நினைக்கும். அதே 1996இல்தான் உச்ச நீதிமன்றம், சென்னைப் பந்தயச் சங்கம் சம்பந்தப்பட்ட வழக்கில், குதிரைப் பந்தயம் சூதாட்டமல்ல, திறமை சார்ந்த ஆட்டம் என்று தீர்ப்பளித்தது. பணம் புரளும் ஆட்டத்துக்குத் திறமை என்று பட்டயம். மாடி அறையில் ராத்திரி நடந்த ஆட்டத்துக்கு வெட்டி வேலை என்று பேர். அதனால்தான் சித்தப்பா நோட்டில் பொய் எழுதினார். தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் உவகை பிறக்கும் களங்கள் நான்கைச் சொல்லும்போது விளையாட்டையும் ஒன்றாக வைக்கிறார். எதையும் ஈட்டித் தரவேண்டும் என்று நிபந்தனை போடவில்லை. நாம்தான் இடையில் எங்கேயோ உவகைக்குக் கணக்கு காட்டப் பழகினோம்.

5

இத்தோடு நிறுத்தினால் இது பையன்களின் வீரகாவியம் ஆகிவிடும். அந்த அறையில் இன்னொருவர் இருந்தார்.

பகல் முழுக்க அந்தப் பெட்டியின் முன் உட்கார்ந்து தட்டச்சு செய்தவர் ஓர் அக்கா. காலை ஒன்பதரைக்கு வருவார், ஆறு மணிக்குப் போவார். பேஜ்மேக்கரில் தமிழ் எழுத்துருவை வைத்து நீளமான பக்கம் ஒன்றைத் திருத்தினால் திரை மறுபடி வரைந்துகொள்ள நேரமாகும். அவர் காத்திருப்பார். கையைக் கட்டிக்கொண்டு, திரையைப் பார்த்தபடி. அந்தக் காத்திருப்பை யாரும் கோளாறு என்று நினைக்கவில்லை. அவரும் சொல்லவில்லை. ராத்திரி சித்தப்பாவின் கை ஒரு நொடி காத்திருக்க நேர்ந்தது - மறுநாள் காலை ரிச்சி தெருவுக்கு பஸ்.

நான் மேலே சொன்ன பொய்யின் முழு உருவம் இப்போதுதான் தெரிகிறது. நோட்டில் 'டைப்செட்டிங் வேலைக்கு' என்று எழுதினாரே, அந்த வேலை அக்காவுடையது. அவர் வேலையைச் சொல்லி, தன் ஆட்டத்துக்கு வாங்கினார்.

ஆனால் வேடிக்கை பாருங்கள், பொய் மெய்யாகிவிட்டது. 32 எம்.பி. ஆனதும் பேஜ்மேக்கரும் வழுக்கிக்கொண்டு ஓடியது. அக்காவுக்கு லாபம்தானே என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். சித்தப்பாவின் காரியத்துக்கு வந்திருந்தார். கேட்டேன்: 'மெமரி போட்டப்புறம் உங்களுக்கு ஈஸியாச்சுல்லக்கா?'

'வேகமாச்சுப்பா. அண்ணன் இன்னும் ரெண்டு புக்கு வேலை சேத்து எடுத்துக்கிட்டாரு. ஆறு மணிக்குப் போறவ ஏழரைக்குப் போக ஆரம்பிச்சேன்.'

'சம்பளம்?'

சிரித்தார்.

அந்தப் பெட்டியில் அவர் எப்போதாவது விளையாடியிருக்கிறாரா என்று கேட்கவே எனக்கு வாய் வரவில்லை. ஷட்டர் பாதி இறங்கிய அறையில் ராத்திரி பத்து மணிக்கு எந்தப் பெண் உட்கார்ந்திருக்க முடியும்? பெட்டியைத் திறக்கும் உரிமை, அதற்கு முன்னால் ராத்திரியில் வெளியே இருக்கும் உரிமை. ரிச்சி தெருவின் நெரிசலில் அன்று நான் பார்த்த முகங்களெல்லாம் ஆண்கள். நாம் கொண்டாடும் அந்தக் 'கை விட்டுக் கை மாறிய அறிவு' யார் கைக்கு மாறவில்லை என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். நான் சொல்லும் அந்தச் சிற்றிதழில் பெண்ணுடல், அதிகாரம் என்றெல்லாம் கட்டுரைகள் வந்தன. அவற்றை எழுத்தெழுத்தாக அடித்தவர் அக்கா. அந்த ஒன்றரை மணி நேரத்துக்கு நோட்டில் ஒரு வரி கிடையாது.

6

விளையாட்டு எந்திரத்தை வேகமாக்குகிறது. உழைப்பை அளக்கிறவர் அந்த வேகத்தை எடுத்துக்கொள்கிறார். மாடி அறையில் நடந்தது உலக அளவிலும் நடந்திருக்கிறது.

படம் வரையும் அட்டைகள் விளையாட்டுக்காகவே வளர்ந்தவை. ஒரே கணக்கை ஆயிரக்கணக்கான புள்ளிகளுக்கு ஒரே சமயத்தில் போடுவது அவற்றின் வித்தை. 2007இல் என்விடியா அந்த அட்டையைப் பொதுவான கணக்குகளுக்கும் பயன்படுத்த 'குடா' என்ற வழியைத் திறந்தது. 2012இல் படங்களை இனங்காணும் போட்டியில் எல்லோரையும் தாண்டி வென்ற 'அலெக்ஸ்நெட்', ஜி.டி.எக்ஸ். 580 என்ற விளையாட்டு அட்டைகள் இரண்டில் பயிற்றுவிக்கப்பட்டது. இன்று செயற்கை நுண்ணறிவு என்று சொல்லப்படுவதன் அடித்தளத்தில் பையன்களின் 'குவேக்' இருக்கிறது. அவர்கள் ஆண்டுதோறும் கொட்டிய காசில் வளர்ந்த சில்லு அது. பிறகு 2021இல் கிரிப்டோ நாணயம் தோண்டுகிறவர்கள் அந்த அட்டைகளை அள்ளிக்கொண்டு போய் விலையை ஏற்றினார்கள். 2025இன் கடைசியில் தரவு மையங்களின் பசியால் ராம் விலை எகிறியது. விளையாட்டுக்குப் பிறந்த பொருள் விளையாடுகிறவனுக்கே எட்டாமல் போகிறது.

பெட்டியும் மறுபடி மூடிக்கொண்டு வருகிறது. மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் ராமை போர்டோடு ஒட்டிவிடுகிறார்கள். ரப்பர் வைத்தியத்துக்கு வேலையில்லை. 2021இல் வந்த விண்டோஸ் 11, குறிப்பிட்ட தலைமுறைக்கு முந்திய சில்லுகளை ஏற்பதில்லை என்றது. 2025 அக்டோபர் 14ஆம் தேதி விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்தது. நல்லபடி ஓடும் எந்திரங்கள் ஒரு தேதியால் கிழடாக்கப்பட்டன. மூடியைத் திறக்கும் உரிமை சொந்தக்காரரிடமிருந்து நழுவி, 1401 காலத்து வாடகை முறை வேறு வேஷத்தில் திரும்பி வருகிறது.

போன மாசம் அக்கா மகன் ஒரு பழைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். என் கூடப்பிறந்த அக்காவின் மகன். நான்காம் தலைமுறை ஐ5. 'மாமா, கேம் திணறுது, புதுசு வாங்கித் தர்றியா?' திறந்தோம். கூடவே அவன் தங்கச்சியையும் உட்கார வைத்தேன். ஸ்க்ரூ டிரைவரை அவள் கையில் கொடுத்தேன். முதலில் தூசி தட்டி, சில்லின் மேல் காய்ந்துபோன பசையைத் துடைத்துப் புதிசாகத் தடவினோம். ஹார்ட் டிஸ்க் இருந்த இடத்தில் எஸ்.எஸ்.டி. போட்டோம். 4 ஜி.பி. ராம் 12 ஆயிற்று. ரிச்சி தெருக் கடைக்காரர், 'இந்த போர்டுக்கு டிடிஆர் த்ரீதான் சார் ஏறும், பழசுதான் கிடைக்கும்' என்றார். எஸ்.எம்.பி.எஸ். நோஞ்சான் என்பதால் தனி மின் இணைப்பு கேட்காத ஜி.டி.எக்ஸ். 1050 டிஐ அட்டை ஒன்றைப் பழசாக வாங்கிச் சொருகினோம். லினக்ஸ் ஏற்றினோம். நிறைய விளையாட்டுகள் தடங்காமல் ஓடுகின்றன. சில ஓடாது. பரவாயில்லை. கழற்றிப் போட்ட உறுப்புகளைக் குப்பையில் எறியவில்லை. அவை ஏதோ ஒரு கொல்லையில் ஒயர் எரிக்கிறவரின் நுரையீரலுக்குப் போகும் என்பது தெரியும். 2011 முதல் மின்கழிவுக்கு விதிகள் இருக்கின்றன. எரிப்பதும் இருக்கிறது.

வாங்கியதை எல்லாம் ஒரு நோட்டில் எழுதி, எதற்காக என்ற இடத்தில் 'விளையாட்டுக்கு' என்று எழுதச் சொன்னேன். தங்கச்சிதான் எழுதினாள்.

இதைப் படிக்கிறவர்களில் 1990களில் டி.டி.பி. சென்டர் வைத்திருந்தவர்கள், பிரவுசிங் சென்டர் நடத்தியவர்கள், அங்கே தட்டச்சு செய்தவர்கள், ரிச்சி தெருவில் கடைப் பையனாக நின்றவர்கள் இருப்பீர்கள். உங்கள் கணக்கு நோட்டுகள் இன்னும் பரணில் கிடக்கலாம். எடுத்துப் பாருங்கள். அதில் எந்த வரி பொய், யாருடைய மணி நேரம் எழுதப்படாமல் விடுபட்டது என்று உங்களுக்குத்தான் தெரியும். அதை எழுதினால் இந்த வரலாற்றை இனி கம்பெனிகளின் ஆண்டறிக்கையிலிருந்து தொடங்க வேண்டியிருக்காது.